தற்காலிகமாகத் தள்ளிவைக்கப்பட்டவர்

போன் அடித்தபோது அமலதாஸ் குளித்துக்கொண்டிருந்தார். குளிக்கிற மனிதரைக் கூப்பிட்டுப் பிரயோஜனம் இல்லை. திண்டிவனத்தில் இத்தனை வருஷமாக மைக் செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருப்பவருக்குத் தன் குரலைத் தவிர வேறெந்தச் சத்தமும் காதில் ஏறாது. மிக்ஸியில் மசாலா ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய மனைவி அமலோற்பவமேரி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவர் போனை எடுத்தாள்.

"அமலதாஸ் சாருங்களா?" என்றது ஒரு பெண் குரல். இளசான குரல்.

"அவரு குளிச்சிக்கினு இருக்காரு. நீங்க யாரு?"

"வீட்டுக்காரம்மாங்களா? நான் விழுப்புரம் சென்டர்லேர்ந்து மெர்லின் பேசறேங்க. சாரை நாங்க தற்காலிகமா தள்ளி வச்சிருந்தோம். அந்த டைம் முடிஞ்சிடுச்சு. இனிமே அவரு தாராளமா வரலாம். எப்ப வருவாருன்னு கேக்கத்தான் பண்ணேன்."

மேரி மிக்ஸியை நிறுத்தினாள்.

புருஷன் பெண்டாட்டியைத் தள்ளி வைத்துக் கேள்விப்பட்டிருக்கிறாள். ஊர் கூடி ஒரு குடும்பத்தைத் தள்ளி வைத்த கதை அவள் மாமனார் வீட்டிலேயே உண்டு. ஆனால் எவளோ ஒருத்தி, அடுத்தவள் புருஷனைத் தற்காலிகமாகத் தள்ளி வைத்துவிட்டு, கெடு முடிந்ததும் வீட்டுக்காரிக்கே போன் போட்டு அனுப்பி வை என்று கேட்கிற துணிச்சலை அவள் இதுவரை பார்த்ததில்லை.

"யாரை நீ தள்ளி வச்ச?"

"சாரைத்தாங்க. ஆகஸ்ட்டுல."

"ஆகஸ்ட்டுலேர்ந்தே நடக்குதா?"

"அதுக்கு முன்னாடி பல வருஷமா வர்றாருங்க. ஆறு மாசத்துக்கு ஒரு தடவ கரெக்டா வந்துடுவாரு. அன்னிக்கு முடியாதுன்னு சொன்னதும் மனசு ஒடிஞ்சிட்டாரு, பாவம். ஆசையா வர்றவங்களத் திருப்பி அனுப்பறது எங்களுக்கும் கஷ்டம்தாங்க."

"ஒரு நாளைக்கு எத்தினி பேரு வருவாங்க உங்கிட்ட?"

"இருவது முப்பது பேரு வருவாங்க. எல்லாருமே நல்ல மனசுக்காரங்க."

மேரிக்குக் காது சூடேறியது. "உன் பேரு இன்னா சொன்ன? மெர்லினா? ஞாயித்துக்கெழம பூசைக்குப் போறியா நீ?"

"போவேங்க. ஏன் கேக்கறீங்க?"

"பாவசங்கீர்த்தனம் பண்றப்ப சாமியார்கிட்ட இதையும் சொல்றியா?"

"எதங்க?"

"அடுத்தவ புருஷன தள்ளி வச்சத."

அந்தப் பெண் அழாத குறையாக, "அக்கா, இது ரத்த வங்கிக்கா. சாரு ரத்தம் குடுக்க வருவாரு. அதத்தான் சொன்னேன்" என்றாள்.

மேரி அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். முதலில் அப்பாடா என்று இருந்தது. அந்த நிம்மதி நிலைப்பதற்குள், ஆகஸ்ட் என்ற வார்த்தை மறுபடி காதில் ஒலித்தது. அப்போதுதான் நிஜமான கோபம் வந்தது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மகள் ஆஷ்லின் பிறந்த அன்றைக்கு மேரிக்கு உதிரம் நிற்கவே இல்லை. யார் எவர் என்று தெரியாத நாலு பேருடைய ரத்தத்தை ஏற்றித்தான் பிழைக்க வைத்தார்கள். அன்றிலிருந்து அமலதாஸ் ஆஷ்லினுடைய பிறந்தநாளுக்கு ஒரு தடவை, ஆறு மாதம் கழித்து ஒரு தடவை என்று விழுப்புரம் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வருவார். இந்த ஆகஸ்ட்டிலும் போனார். முழங்கை மடிப்பில் வட்டமாக ஒரு பிளாஸ்டரோடு திரும்பி வந்தார். "தல லேசா சுத்துது மேரி" என்று மின்விசிறிக்கு அடியில் படுத்தார். மேரி மாதுளம்பழம் உரித்து ஜூஸ் போட்டாள். ஒரு வாரம் முழுக்க ஈரல் வறுவல். ஸ்பீக்கர் பெட்டிகளை அவரிடம் வேலை செய்யும் சவுரிராயனும் அவளும்தான் வண்டியில் ஏற்றினார்கள். அவர் கட்டிலில் சாய்ந்தபடி, "பாத்து, பாத்து, வொயரு மாட்டப்போவுது" என்று மேற்பார்வை பார்த்தார்.

ரத்தமே கொடுக்காத மனிதருக்கா அத்தனை ஈரல்? அந்தப் பிளாஸ்டரை மெடிக்கல் ஷாப்பில் வாங்கித் தானே ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். அமலம் என்றால் மாசில்லாதது. அந்த வீட்டில் இரண்டு பேர் பெயரிலும் அது இருக்கிறது. பெயருக்கு இப்படி ஒரு கறையை வைத்துவிட்டு மனுஷன் உள்ளே பாட்டுப் பாடிக் குளித்துக்கொண்டிருக்கிறார்.

"ஏன் திருப்பி அனுப்பினீங்க? எதுனா சீக்கா?"

"அத சாருகிட்டதாங்க சொல்லணும். ஆனா பயப்படற மாதிரி ஒண்ணுமே இல்ல" என்றாள் மெர்லின். "நிறையப் பேரு இப்படித்தாங்க. ஒரு தடவ தள்ளி வச்சோம்னா அதோட சரி. குணமானாலும் வர்றதில்ல. போன் பண்ணா கட் பண்ணிடறாங்க. நல்லாக் குடுத்துக்கினு இருந்தவங்கள எல்லாம் இப்படி விட்டுட்டா, நாளைக்கு ஆஸ்பத்திரியில ரத்தம் கேட்டு வர்றவங்களுக்கு எங்கேருந்துங்க குடுப்போம்?"

மேரிக்கு அக்டோபரில் கோயில் ஹாலில் நடந்த ரத்த தான முகாம் நினைவுக்கு வந்தது. "அன்பார்ந்த இறைமக்களே, அஞ்ச வேண்டாம், வாருங்கள்" என்று மைக்கில் தொண்டை கிழியக் கூப்பிட்டவர் அமலதாஸ்தான். அவர் மட்டும் கட்டில் பக்கமே போகவில்லை. கேட்டதற்கு, மைக்கை யார் பார்த்துக்கொள்வது என்றார். இப்போது யோசித்தால் எல்லாம் புரிகிறது. நாலு மாதமாக மனுஷன் சரியாகவே இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் நகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். பந்தலில் வந்து கேலி பேசுகிறவர்களுக்குப் பதில் கேலி பேசுவதில்லை. தன்னைப் பிழைக்க வைத்ததற்காக ஒரு மனுஷன் இத்தனை வருஷம் விடாமல் செய்துவந்த காரியம் இப்படி நின்றுபோகக் கூடாது என்று மேரிக்குத் தோன்றியது. எப்படியாவது அவரைத் திரும்பவும் அந்தக் கட்டிலில் படுக்க வைத்தாக வேண்டும்.

"நீ சொல்ற வார்த்தைதான் தப்பு கண்ணு" என்றாள். "எங்க மாமனாரு வேற சாதியில பொண்ணு கட்டிக்கினாருன்னு ஊரே சேந்து தள்ளி வச்சுது. சவரம் பண்ண ஆளு வராது. கடையில உப்பு குடுக்கமாட்டான். அந்த வூட்டுப் புள்ளையக் கூப்புட்டு உக்கார வச்சு, உன்ன தள்ளி வச்சிருக்கோம்னு சொன்னா, திரும்பி வருமா?"

"எங்களுக்கு அப்படித்தாங்க சொல்லிக் குடுத்தாங்க. வேற எப்படிச் சொல்றது?"

மேரி யோசித்தாள். மண்டகப்பட்டில் அவள் அண்ணனுக்கு ஒரு வரப்புத் தகராறு. விழுப்புரம் கோர்ட்டில் அது எத்தனையோ வருஷமாக நடக்கிறது.

"வாய்தான்னு சொல்லு."

"கோர்ட்டு வாய்தாவா?"

"ஆமா. வாய்தா வாங்கினவன் எவனாவது அசிங்கப்படறானா? தேதிய மனசுல வச்சிக்கினு, அடுத்த தடவ சட்டைய அயர்ன் பண்ணிப் போட்டுக்கினு மொத ஆளா போய் நிக்கறான். எங்கண்ணன் தன் பொண்ணு கல்யாணத்துக்கே லேட்டா வந்தான், வாய்தாவுக்கு ஒரு நாளும் லேட்டா போனதில்ல."

மெர்லின் சிரித்தாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "சாரைப் பத்திச் சொல்லக்கூடாது. பொதுவா சொல்றேங்க" என்று ஆரம்பித்தாள். பொதுவாக ரத்தத்தில் இரும்புச் சத்து குறைந்தவர்கள் முருங்கைக்கீரை சாப்பிட வேண்டும். பொதுவாக ஈரல், ஆட்டு மண்ணீரலான சுவரொட்டி, கேப்பை, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, வெல்லம் நல்லது. பொதுவாகச் சாப்பிட்ட கையோடு டீ குடிக்கவே கூடாது, சாப்பிட்ட சத்தை அது உடம்பில் சேர விடாது. பொதுவாக இரண்டு மாதம் இப்படி இருந்துவிட்டு விழுப்புரம் வந்தால் மறுபடி திருப்பி அனுப்ப வேண்டியிருக்காது.

"பொதுவா நல்ல பொண்ணா இருக்கற நீ" என்றாள் மேரி.

"நான் போன் பண்ணேன்னு சாருகிட்ட சொல்லிடுங்கக்கா."

"சொல்றேன்" என்ற மேரி, வைத்த கையோடு அந்த அழைப்பைப் போனிலிருந்து அழித்தாள்.

அவள் பக்கம் நியாயம் இருந்தது. உன் குட்டு உடைந்துவிட்டது என்று சொன்னால், மைக் பிடித்துப் பேர் வாங்கிய மனுஷன் வெட்கத்தில் விழுப்புரம் பக்கமே தலை வைத்துப் படுக்கமாட்டார். இது வெளியே சொல்லிக்கொள்ளக்கூடிய நியாயம். உள்ளே இருந்தது அந்த ஈரல் வறுவல். அதற்குக் கொஞ்சமாவது பழி தீர்க்காமல் விட அவளுக்கு மனசு வரவில்லை.

"யாரு போன்ல?" என்று தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார் அமலதாஸ்.

"லோன் வேணுமான்னு கேட்டான். வேணாம்னுட்டேன்."

மறுநாள் காலை தட்டில் முருங்கைக்கீரை போட்ட கேப்பை அடை வந்தது. மத்தியானம் முருங்கைக்கீரைப் பொரியல். சாயந்திரம் மல்லாட்டை உருண்டை. அதற்கடுத்த நாளும் அதே. மூன்றாம் நாள் அமலதாஸ் தட்டைத் தள்ளினார்.

"இன்னா மேரி, வூட்டுல ஆடு வளக்கிறியா?"

"மாதாவுக்கு வேண்டிக்கினு இருக்கேன். வூட்டு ஆம்பள தெனமும் கீர சாப்பிடணும்."

"எந்த மாதா கீர சாப்பிடச் சொல்றா?"

"வேண்டுதல்ல கேள்வி கேக்கக்கூடாது."

மாதா பெயரைச் சொன்னால் அமலதாஸ் மறுபேச்சுப் பேசமாட்டார். இழுத்து வைத்துச் சாப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை தட்டில் சுவரொட்டி வந்தபோது மட்டும், "இதுவும் மாதா கேட்டதா?" என்றார்.

"அது நானா சேத்தது."

டீ விஷயம்தான் பெரிய போராட்டமாகப் போனது. சாப்பிட்டு முடித்துக் கை காய்வதற்குள் அமலதாஸுக்கு டீ வந்தாக வேண்டும். மேரி எலுமிச்சை ஜூஸை நீட்டினாள். டீயை விடுவதும் வேண்டுதலில் உண்டு என்றாள். அமலதாஸ் ஜூஸைக் குடித்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிற வெங்கடாசலம் டீக்கடைக்குப் போனார். காலையிலேயே மேரி அங்கே போய் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வந்திருந்தது அவருக்குத் தெரியாது.

"பாலு தீந்துபோச்சு தாஸு" என்றார் வெங்கடாசலம்.

அவருக்கு முன்னால் பால் பொங்கி அடுப்பில் வழிந்துகொண்டிருந்தது.

"அது இன்னா?"

வெங்கடாசலம் அதைத் திரும்பிப் பார்த்தார். இதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று மேரி சொல்லிக் கொடுக்கவில்லை. "அது வேற ஆளு பாலு" என்றார்.

"பேஜாரா போச்சு" என்று முனகிக்கொண்டே திரும்பினார் அமலதாஸ். அந்தத் தெருவில் மூன்று டீக்கடை. மூன்றிலும் அன்றைக்கு வேற ஆள் பாலாகவே இருந்தது. அதை நினைத்து நினைத்து மேரி அடுப்படியில் தனியாகச் சிரித்தாள். சட்டியில் ஒட்டியிருந்த மசாலாவில் சோற்றைப் பிரட்டித் தின்றாள். பழக்க தோஷத்தில் இரண்டு பேருக்கும் சேர்த்துப் போட்ட டீ மிச்சம் இருந்தது. வீணாக்குவானேன் என்று இரண்டு டம்ளரையும் தானே குடித்தாள்.

கிறிஸ்மஸ் வந்தது, புது வருஷம் வந்தது, பொங்கலும் போனது. மைக் செட்டுக்கு ஓயாத வேலை. அமலதாஸ் கொடிமரத்தின்மேல் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டிவிட்டு மூச்சு வாங்காமல் இறங்கினார். முகத்தில் பழைய தெளிவு வந்திருந்தது. ஆனால் விழுப்புரம் என்று வாயெடுத்தால் மட்டும் நழுவிவிடுவார்.

"ஆகஸ்ட்டுலதான குடுத்தேன்" என்றார். "உடம்பு தாங்க வேணாமா?"

அந்தப் பொய்யை அவர் முகம் மாறாமல் சொன்ன அழகைப் பார்த்து மேரிக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. "மூணு மாசம் ஆனா ஆம்பளைங்க மறுபடி குடுக்கலாமாமே?"

"யாரு சொன்னது?"

"டிவியில சொன்னான்."

"டிவியில ஆயிரம் சொல்லுவான்."

பொய் சொன்னவரை அந்தப் பொய்யே கட்டிப்போட்டிருந்தது. அவராக அவிழ்த்துக்கொண்டு வரமாட்டார். மேரி வேறு வழி பார்த்தாள்.

"அப்ப நீங்க இருங்க. நான் போய் குடுக்கறேன்" என்றாள் ஒரு சாயந்திரம். "எனக்கு நாலு பேரு குடுத்தாங்க. நான் ஒரு தடவயாவது குடுக்க வேணாமா? ஆனா ஊசின்னா பயமா இருக்குது. நீங்கதான் அனுபவஸ்தரு. கூட வந்து, எங்க உக்காரணும், கைய எப்படி நீட்டணும்னு காட்டுங்க."

நிஜமாகக் கொடுக்கிற எண்ணம் அவளுக்கு இல்லை. வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய், பின்னாலிருந்து அவரை உள்ளே தள்ளிவிட வேண்டும். அவ்வளவுதான் திட்டம். அமலதாஸ் ரொம்ப நேரம் மோட்டுவளையைப் பார்த்தார். வரமாட்டேன் என்று சொல்ல அவரிடம் ஒரு காரணமும் இல்லை.

சனிக்கிழமை காலை இரண்டு பேரும் பைக்கில் கிளம்பினார்கள். பின்னால் உட்கார்ந்து வந்த மேரிக்கு அடக்க முடியாத சிரிப்பு. வண்டி போகப் போக மெதுவானது. விக்கிரவாண்டி டோல்கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டோரம் ஒரு வேப்பமரத்தடியில் அமலதாஸ் வண்டியை நிறுத்தினார்.

"மேரி, நான் உள்ள வரல. நீ போய் குடுத்துட்டு வா. நான் வெளிய நிக்கறேன்."

"ஏன்?"

"அவங்க என்ன தள்ளி வச்சிட்டாங்க."

இந்த நிமிஷத்துக்காக மேரி இரண்டு மாதமாக வசனம் சேர்த்து வைத்திருந்தாள். முதல் வசனத்துக்கு வாயைத் திறப்பதற்குள் அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்துவிட்டார்.

"ஆகஸ்ட்டுல நான் குடுக்கல. குடுத்தேன்னு உங்கிட்ட பொய் சொன்னேன். ரத்தம் கம்மியா இருக்குது, மூணு மாசம் கழிச்சு வாங்கன்னு சொன்னாங்க. அதெல்லாம் மழுப்பறது. பெருசா எதுனா இருந்தா மூஞ்சிக்கு நேரா யாரு சொல்லுவா? சும்மாவா ஒருத்தன தள்ளி வைப்பாங்க? எனக்கு உள்ளுக்குள்ள எதோ இருக்குது மேரி. சவுரிக்கு ஆம்ப்ளிஃபயர் ரிப்பேரெல்லாம் சொல்லிக் குடுத்துட்டேன். கோயில் ஆர்டரு, கல்யாண ஆர்டரு எல்லாம் அவனுக்குப் பழக்கம் பண்ணி விட்டுட்டேன். நாளைக்கு நான் இல்லன்னாலும் கடைய ஓட்டி உனக்கும் ஆஷ்லினுக்கும் கஞ்சி ஊத்துவான்."

மேரிக்குச் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. அவள் டீக்கடை டீக்கடையாகப் போய்ச் சொல்லிவைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்த அதே நாட்களில், இந்த மனுஷன் சாவுக்குத் தயாராகி, கடையை ஆள் கையில் ஒப்படைத்துக்கொண்டிருந்திருக்கிறார். போன் வந்த அன்றைக்கே அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக அவர்மேல் பிரியம் பொங்கிக்கொண்டு வந்தது. இரண்டையும் மறைக்க அவளுக்குக் கோபம்தான் கைகொடுத்தது.

"உங்களுக்கு ஒரு எழவும் இல்ல. இரும்புச் சத்து கம்மி, அவ்ளோதான். அந்தப் பொண்ணு போன் பண்ணி வரச் சொல்லுச்சு."

"எப்ப?"

"கீர ஆரம்பிச்சதுக்கு மொத நாளு. பேசிட்டு அழிச்சிட்டேன்."

அமலதாஸ் வண்டியிலிருந்து இறங்கி அவளைத் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் லாரிகள் இரைந்துகொண்டு போயின. அவர் முகத்தில் ஒவ்வொன்றாக விளங்கிக்கொண்டு வந்தது.

"அப்ப அந்த வேண்டுதல்?"

"மாதாவ நான் கேக்கவே இல்ல."

"வெங்கடாசலம் பாலு?"

"நான்தான் சொன்னேன்."

"மூணு கடையிலயும்?"

"மூணு கடையிலயும்."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "மத்ததெல்லாம் போவட்டும். டீய நிறுத்தின பாரு, அத நான் மன்னிக்கவே மாட்டேன்."

"ஈரல் வறுவல நானும் மன்னிக்கல."

அதற்குத்தான் அமலதாஸ் சிரித்தார். ஆகஸ்ட்டுக்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்து மேரி கேட்டது அதுதான் முதல் தடவை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. அதில் சிரிப்பில் வந்தது எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை.

"இப்பவும் திருப்பி அனுப்பிட்டாங்கன்னா?" என்றார் வண்டியைக் கிளப்பும்போது.

"அனுப்பினா வாய்தான்னு நெனச்சிக்கினு இன்னொரு தடவ வருவோம். ஜல்தி ஓட்டுங்க."

மெர்லின் கண்ணாடி போட்ட ஒல்லியான பெண். கையில் புதிதாகப் பச்சை குத்தியிருந்த ஒரு வாலிபரிடம், "உங்களுக்கு வாய்தாங்க. இப்பத்தான குத்தியிருக்கீங்க, அடுத்த வருஷம் வாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவரும் தலையை ஆட்டி, "எந்த மாசம்?" என்று கேட்டுக்கொண்டு போனார். மேரி பேசிய முதல் வார்த்தையிலேயே மெர்லின் நிமிர்ந்தாள்.

"அக்கா, நீங்கதான பாவசங்கீர்த்தனம்?"

அமலதாஸ் விழித்தார். "அத அப்புறம் சொல்றேன்" என்று மேரி அவரை நாற்காலியில் உட்கார வைத்தாள்.

விரலில் குத்தினார்கள். ஒரு சொட்டை எடுத்து மெஷினில் வைத்தார்கள். அமலதாஸ் கண்ணை இறுக மூடி, உதட்டுக்குள் அருள்நிறை மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். ரத்தத்தில் ஹீமோகுளோபின் பன்னிரண்டரை இருந்தால் போதும்.

"பதிமூணே முக்கால். நீங்க குடுக்கலாம் சார்" என்றாள் மெர்லின்.

அமலதாஸ் கண்ணைத் திறந்து, அறையில் இருந்த எல்லோர் காதிலும் அது விழுந்ததா என்று சுற்றிப் பார்த்தார். பிறகு மேரியைப் பார்த்தார். ரொம்ப நாளாகக் காணாமல் போயிருந்த ஒரு குறும்பு அவர் முகத்தில் வந்து உட்கார்ந்தது.

"எனக்கு முன்னாடி இவதான் குடுக்கணும்னு ஒத்தக் கால்ல நின்னா. இவளுக்கும் பாரு கண்ணு."

மேரி மாட்டிக்கொண்டாள். வேண்டாம் என்று சொன்னால் பயந்தாங்கொள்ளி என்று திண்டிவனம் பூராவும் மைக் கட்டிச் சொல்லிவிடுவார். விரலை நீட்டினாள். சுருக்கென்றது. மெர்லின் மெஷினைப் பார்த்தாள். இன்னொரு விரலைத் துடைத்து மறுபடி குத்தினாள். மறுபடியும் பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"எட்டரைதான் இருக்குதுக்கா."

"மிஷினு கெட்டுப்போச்சா?" என்றாள் மேரி.

"இல்லக்கா. தல சுத்துதா உங்களுக்கு? மாடி ஏறினா மூச்சு வாங்குதா?"

சுற்றும். வாங்கும். ஆஷ்லின் பிறந்ததிலிருந்தே அப்படித்தான். பெண்பிள்ளை உடம்பென்றால் அப்படித்தான் இருக்கும் என்று மேரி நினைத்துக்கொண்டிருந்தாள். அதற்கெல்லாம் ஒரு நம்பர் உண்டு என்று அவளுக்குத் தெரியாது.

"வீட்டுல என்ன சாப்பிடறீங்கக்கா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அமலதாஸ் குறுக்கே வந்தார். "சாப்பாட்டுக்கு ஒண்ணும் கொற இல்ல. தெனம் முருங்கக்கீர. வாரத்துக்கு ரெண்டு தடவ ஈரல், ஞாயித்துக்கெழம ஆனா சுவரொட்டி..."

அங்கே நிறுத்தினார்.

"அதெல்லாம் எனக்கு" என்றார்.

மெர்லின் தலையைக் குனிந்துகொண்டாள். "உங்களுக்கு வாய்தாக்கா. உள்ள டாக்டரு இருக்காரு, பாத்து மாத்திர வாங்கிக்குங்க. மூணு மாசம் கழிச்சு வாங்க."

வாய்தா என்ற வார்த்தையைக் கண்டுபிடித்துக் கொடுத்தவளே மேரிதான். அது தன்மேல் வந்து விழுந்தபோதுதான், எந்தப் பெயரில் சொன்னாலும் அது சுருக்கென்று தைக்கத்தான் செய்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. பக்கத்தில் காத்திருந்தவர்கள் தன்னையே பார்ப்பதாகத் தோன்றியது. யாருக்கும் தெரியாமல் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டால் தேவலை என்று இருந்தது. ஆகஸ்ட்டில் இதே நாற்காலியிலிருந்து அமலதாஸ் எப்படி எழுந்து போயிருப்பார் என்பதை அவள் இப்போதுதான் நினைத்துப் பார்த்தாள்.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தபோது அமலதாஸ் கட்டிலில் படுத்திருந்தார். கையிலிருந்து குழாய் வழியாக ரத்தம் பைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மேரி ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் கூரையைப் பார்த்தபடியே சொன்னார்:

"ஊர்ல யாரு யாருக்கோ குடுத்தேன். வூட்டுல ஒருத்தி வத்திப்போய்க்கினு இருக்கா, எதிர்ல உக்காந்து சுவரொட்டி துன்னுக்கினு இருந்திருக்கேன். நீ துன்னியான்னு ஒரு வார்த்த கேக்கல."

"நான் கேட்டுக்கினேனா? எனக்கே தோணல" என்றாள் மேரி. அவர் கண்ணோரம் நனைவதைப் பார்த்து, "அழாதீங்க, ஊசி ஆடுது" என்றாள்.

மெர்லின் அவருக்கு பிஸ்கட்டும் ஜூஸும் கொண்டு வந்து வைத்தாள். பிறகு மேரியிடம், "அக்கா, மூணு மாசம் முடிஞ்சதும் போன் பண்றேன். உங்க நம்பர் சொல்லுங்க" என்றாள்.

மேரி சொல்ல ஆரம்பித்தாள். அமலதாஸ் படுத்தபடியே மறு கையைத் தூக்கி நிறுத்தினார்.

"அவ நம்பர எழுதாத. எடுத்துப் பேசிட்டு அழிச்சிடுவா. எனக்குப் பண்ணு. இவ வாய்தாவுக்கு நான் கூட்டிக்கினு வர்றேன்."

"உங்க நம்பர் எங்கிட்ட இருக்குது சார்."

"இருந்தாலும் எழுதிக்க கண்ணு."

கோயில் திருவிழாவில் பந்தலுக்கு அறிவிக்கிற குரலில், ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி நிறுத்தித் தன் நம்பரைச் சொன்னார். எழுதி முடித்தாளா என்று பார்த்துவிட்டு இன்னொரு தடவையும் சொன்னார். அந்த அறை முழுக்கக் கேட்டது.